பழைய பிக்கப் ஏ.சி.: ஓடும்போது ஜில், நின்றால் சூடு, கடைசியில் கம்ப்ரஸரே இழுப்பதில்லை

கேள்வி — பழையபிக்கப்

வணக்கம். 1999 மாடல் டீசல் பிக்கப். ஆர்-134ஏ கேஸ், எக்ஸ்பேன்ஷன் வால்வ் (கூலிங் காயிலுக்குள் போகும் கேஸை அளந்து விடும் வால்வு) உள்ள சிஸ்டம். ரேடியேட்டருக்கு விஸ்கஸ் ஃபேன் (சிலிகான் எண்ணெய்ப் பிடிப்பில் இன்ஜினோடு சுற்றும் ஃபேன்) மட்டும்தான், கண்டென்சருக்கு (கேஸின் சூட்டை வெளியே விடும் முன்பக்க காயில்) தனி எலக்ட்ரிக் ஃபேன் கிடையாது.

வேகமாக ஓடும்போது ஏ.சி. நன்றாகவே இருக்கு. ஐந்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்றால் காற்று வெதுவெதுப்பாகிடுது. அரை மணி நேரம் இப்படி நின்று நின்று போனால் கம்ப்ரஸர் கிளட்ச் (மின்காந்தத்தால் தட்டை இழுத்து கம்ப்ரஸரைச் சுற்ற வைப்பது) விட்டுடும், திரும்ப இழுக்காது. பேனட்டைத் திறந்து இருபது நிமிஷம் ஆறவிட்டால் பழையபடி வேலை செய்யும். ஒரு வருஷத்தில் இரண்டு முறை கேஸ் டாப்-அப் செய்தாச்சு, இரண்டு முறையும் டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் டப்பா) மேல இருக்கிற கண்ணாடியில் குமிழி மறையும் வரைக்கும் போட்டாங்க. இன்ஜின் ஓடாதபோது கேஜ் 95 பி.எஸ்.ஐ. காட்டுது, வெளியே 30 டிகிரி. கேஸ் சரியா இருக்குன்னு எடுத்துக்கலாமா? கம்ப்ரஸர் மாத்தணுமா?

பதில் — கூலிங்காயில்

கம்ப்ரஸரை இப்போது தொடவே வேண்டாம். கேஸும் போடாதீர்கள்.

நிறுத்தி வைத்த வண்டியில் வரும் அந்த 95 பி.எஸ்.ஐ. கேஸின் அளவைச் சொல்லாது. உள்ளே ஒரு சொட்டு திரவம் மிச்சமிருந்தாலும், நிரம்பி வழிந்தாலும், 30 டிகிரியில் ஆர்-134ஏ 97 பி.எஸ்.ஐ.யை ஒட்டித்தான் காட்டும். அந்த எண் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. ஆனால் வேறொன்று சொல்கிறது: உள்ளே காற்று புகுந்திருந்தால் இதைவிடத் தெளிவாகக் கூடுதலாக நிற்கும். உங்களுக்குப் பொருந்தி வருவதால் காற்று கலப்பைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு என்று படுகிறது. நின்றால் சூடாவது ஒன்று. சூடான பிறகு கிளட்ச் இழுக்காதது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

முதலாவதற்கு லோ சைடு (கம்ப்ரஸருக்குள் போகும் பக்கம்), ஹை சைடு (கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் பக்கம்) என்று இரண்டு கேஜையும் மாட்டி, 1500 ஆர்.பி.எம்.மில் ப்ளோயர் முழு வேகத்தில், கதவுகள் திறந்திருக்க, பத்து நிமிஷம் ஓடவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கண்டென்சர் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றி, ஹை சைடு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கண்டென்சர் முன்பக்கமாகவே ஊற்றுங்கள், ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

இரண்டாவதற்கு, கிளட்ச் விட்ட அந்த நேரத்திலேயே மல்டிமீட்டரால் கம்ப்ரஸர் கனெக்டரைப் பாருங்கள், ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக ஊசி செருகி அளக்கணும். கழற்றி அளந்தால் லோடு இல்லாததால், கெட்டுப்போன ரிலேகூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். கரன்ட் வரவில்லை என்றால் பிரஷர் ஸ்விட்ச், ரிலே, தெர்மோஸ்டாட் என்று பின்னால் போகலாம். வந்தும் இழுக்கவில்லை என்றால் கோளாறு கிளட்சிலேயே.

பழையபிக்கப்

நன்றி சார். வெளியே 33 டிகிரி. லோ 48, ஹை 310. வென்டில் (உள்ளே காற்று வரும் துவாரத்தில்) 18 டிகிரி. தண்ணீர் ஊற்றினதும் ஹை 220, லோ 36, வென்ட் 11 வரை இறங்கிச்சு. கிளட்ச் விட்ட நேரத்தில் கனெக்டரில் 12.3 வோல்ட் இருக்கு, ஆனா தட்டு ஒட்டல. நீளமான மரக்குச்சியால் தட்டை லேசாகத் தள்ளினதும் 'டக்'னு பிடிச்சுக்கிச்சு.

பதில் — கூலிங்காயில்

தெளிவாகவே சொல்லிவிட்டது.

33 டிகிரி வெயிலில் ஹை சைடு ஏறத்தாழ 200 முதல் 230க்குள் இருக்கணும். 310 என்றால் கண்டென்சருக்குள் கேஸ் 70 டிகிரிக்கு மேல்தான் திரவமாகிறது, அதாவது வெப்பம் வெளியே போக வழியில்லை. லோ சைடு 48 என்றால் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலே 11 டிகிரிதான். அதைத் தொட்டு வரும் காற்று எப்படிக் குளிரும்? நல்ல சிஸ்டத்தில் லோ 30ஐ ஒட்டி நிற்கும், அப்போது காயில் 1 டிகிரிக்குப் பக்கம்.

விஸ்கஸ் ஃபேனைப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, ஃபேன் முழுவதும் நின்றபின் கையால் சுற்றினால் கனமாக இருக்கணும். லூசாகச் சுழன்றால் உள்ளே இருக்கும் சிலிகான் எண்ணெய் போய்விட்டது. நடுவில் பிசுபிசுப்பான கறை இருந்தால் அதுவே சாட்சி. அதோடு ஃபேன் கவசம், ஓரங்களில் உள்ள ரப்பர்/ஸ்பான்ஜ் அடைப்புகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள். அவை இல்லாவிட்டால் ரேடியேட்டர் வழியே போகவேண்டிய காற்று சுற்றி ஓடிவிடும். பழைய பிக்கப்பில் பலர் கவனிக்காத இடம், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கு. முன்னால் பளிச்சென்று இருக்கும், நடுவில் பூச்சியும் தூசியும் கம்பளம் மாதிரி படிந்திருக்கும். பின்பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பிரஷர் வாஷர் வைத்தால் தகடுகள் மடங்கிவிடும்.

கிளட்சுக்கு வருவோம். கிளட்சின் மின்காந்தக் காயில் சூடாகும்போது அதன் தாமிரத்தின் மின்தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் போல ஏறும். 80 டிகிரி கூடினால் கரன்ட் கிட்டத்தட்ட கால்வாசி குறையும். இழுவிசை கரன்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அது பாதியை நெருங்கிவிடும். தட்டு தேய்ந்து இடைவெளியும் அகன்றிருந்தால் அந்த மிச்ச இழுவிசை போதாது. நீங்கள் குச்சியால் தள்ளியதும் பிடித்தது இதனால்தான். அந்த இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பல கம்ப்ரஸர்களுக்கு 0.35 முதல் 0.65 மி.மீ. வரை, ஆனால் உங்கள் மாடலின் மேனுவல் சொல்வதே இறுதி. நடு நட்டைக் கழற்றி, புல்லரால் தட்டை எடுத்து, ஷாஃப்டில் இருக்கும் ஷிம்மில் (இடைவெளியைத் தீர்மானிக்கும் மெல்லிய வளையம்) ஒன்றைக் குறையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தட்டு கோணிவிடும். கேஸை இறக்கத் தேவையே இல்லை. தட்டு நீலம் பாய்ந்து கருகியிருந்தால் ஷிம்மோடு நிற்காமல் கிளட்ச் செட்டையே மாற்றுங்கள். ஆறின கிளட்ச் காயில் 3 முதல் 5 ஓம்ஸ் காட்டணும்.

பதில் — சோப்புத்தண்ணி

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். கேஸ் அதிகமாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றினால் ஹை சைடு இறங்கத்தான் செய்யும். அதனால் அந்தச் சோதனை ஃபேனை மட்டும் குற்றவாளி ஆக்காது. குமிழி மறையும் வரை போட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் உறுத்துது. அந்தக் கண்ணாடிப் பழக்கம் ஆர்-12 (பழைய வகை கேஸ்) காலத்தது. ஆர்-134ஏவில் அளவு சரியாக இருக்கும்போதே கொஞ்சம் குமிழி தெரியலாம், அது மறையும்வரை ஏற்றினால் பெரும்பாலும் அதிகமாகிவிடும்.

ஃபேனையும் கிளட்சையும் சரிசெய்த பிறகு, மெஷினில் கேஸை முழுசா உறிஞ்சி எடுத்து எடை பார்க்கச் சொல்லுங்க. பேனட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும், அதுக்கு மேல் போகாதீங்க. இரண்டு முறை டாப்-அப் தேவைப்பட்டதுன்னா லீக்கும் இருக்குன்னு அர்த்தம். ஷாஃப்ட் சீலில் இருந்து வந்தால் கிளட்சைச் சுற்றி எண்ணெய்க் கறை படியும், தட்டைக் கழற்றும்போதே பாத்துடுங்க. அடுத்து சர்வீஸ் வால்வின் மூடிக்கு உள்ளே, கண்டென்சரின் முன்பக்கம், ஓ-ரிங் இணைப்புகள். சோப்புத் தண்ணிக்குத் தெரியாத சிறு லீக் யூ.வி. டை (யூ.வி. விளக்கில் ஒளிரும் சாயம்) போட்டால் தெரியும். லீக் அடைக்கிற திரவம் மட்டும் போட்டுடாதீங்க, எக்ஸ்பேன்ஷன் வால்வையும் ரெகவரி மெஷினையும் அது சேர்த்தே அடைக்கும்.

சிஸ்டத்தைத் திறந்தால் டிரையரும் ஓ-ரிங்கும் புதுசு. 500 மைக்ரான் (வேக்யூம் அளவு, எண் குறைந்தால் வேக்யூம் ஆழம்) வரை வேக்யூம் இழுத்து, பம்பை அணைச்சு கால் மணி நேரம் நிக்குதான்னு பார்த்த பிறகுதான் கேஸ்.

பழையபிக்கப்

ஃபீலர் கேஜ் வெச்சேன், 0.9 மி.மீ. மூணு இடத்திலும். ஃபேனும் சூட்டில் லூசாத்தான் சுத்துது. இரண்டையும் முடிச்சிட்டு கேஸ் எடை எவ்வளவு வந்ததுன்னு எழுதறேன்.

பதில் — கூலிங்காயில்

திருத்தம் சரியானது, எடை பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். புது ஃபேன் கிளட்சை (விஸ்கஸ் ஃபேனின் எண்ணெய் உள்ள நடுப்பகுதி) மாட்டும்வரை படுக்கவைக்காமல், பெட்டியில் இருந்தமாதிரி நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் எண்ணெய் கசியும்.