போரான் கலந்த வைரப் படலம்: மீகடத்தலோடு காந்தமும் தெரிகிறது, நம்பலாமா?

கேள்வி: சிலிக்கான் மேல் வளர்த்த நானோ வைரப் படலம். 2 கெல்வினில் மின்தடை சுழி, அதாவது மீகடத்தல். ஆனால் ஸ்குவிட் காந்தமானியில் (மிக நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் கருவி) 10 கெல்வினிலும் தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் ஒரே பாதையில் திரும்பாமல் வரையும் வளையம்) தெரிகிறது. படலத்தின் சொந்த ஃபெரோகாந்தமா (இரும்பு போன்ற நிலைக்காந்தத் தன்மை), ஒட்டிய அழுக்கா?

பதில் 1: முதல்ல இடுக்கியைச் சந்தேகப்படுங்க. எஃகு இடுக்கி உரசின ஓரத்துல ஒட்டுற இரும்புத் துகளே இப்படிக் கண்ணி காட்டும். சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல கழுவி, பிளாஸ்டிக் இடுக்கியால எடுத்து மறுபடி அளங்க. வைரத்துக்கு ஒண்ணும் ஆகாது. வெறும் சிலிக்கான் துண்டையும் அதேபோல அளந்து கழிச்சிடுங்க.

பதில் 2: கழுவியும் நின்றால் ஆர்வமான விஷயம்தான், ஹைட்ரஜனேற்றிய படலங்களில் இரண்டும் சேர்ந்திருப்பதாக ஆய்வு முடிவுகள் வந்திருக்கின்றன. மாறுநிலை வெப்பநிலைக்கு (மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலை) சற்று மேலே அளந்த கண்ணியை, கீழே அளந்ததிலிருந்து கழியுங்கள். மீகடத்தல் பங்கு தனியே வரும்.

பதில் 1 (தொடர்ச்சி): காந்தப் புலமின்றிக் குளிர்விக்கும் முன், காந்தச் சுருளின் எஞ்சிய புலத்தை அலைவு முறையில் (திசையை மாத்தி மாத்திக் குறைச்சு) இறக்கிடுங்க. இல்லாட்டி மைஸ்னர் சிக்னலோட (மீகடத்தி காந்தப் புலத்தை வெளியே தள்ளுறதோட அடையாளம்) குறியே தலைகீழா வரலாம்.