மறு: பயோபிளிட்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

நிபுணர்களும் ஊர் மக்களும் ஓரிடத்தில் கூடி, அங்கே என்னென்ன உயிரினங்கள் உள்ளன என்று குறுகிய நேரத்தில் பதிவதுதான் பயோபிளிட்ஸ். நம் சொற்பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> பிளிட்ஸ் என்றால் ஜெர்மனில் மின்னல். 'மின்னல் கணக்கெடுப்பு' என்றே வைத்துவிடலாமே?

மின்னல்தான். ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது போர்க்காலத்தில், லண்டன்மேல் விழுந்த குண்டுகளோடு. 1996இல் வாஷிங்டனின் கெனில்வொர்த் நீர்த்தோட்டத்தில் முதல் பயோபிளிட்ஸ் நடந்தது. தேசியப் பூங்காத் துறையின் இயற்கையியலாளர் சூசன் ரூடி வைத்த பெயர் அது. அவருக்கு வேண்டியிருந்தது வேகம் மட்டுமே. தமிழில் 'மின்னல் கணக்கெடுப்பு' என்று படிப்பவர், யாரோ மின்னலை எண்ணுகிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்.

எனக்குப் பெரிய தடை 'கணக்கெடுப்பு' என்ற சொல். போன கோடையில் கான்சஸின் பிளின்ட் குன்றுகளில் இப்படியொரு வார இறுதியில் கலந்துகொண்டேன். மண்ணுக்கு அடியிலேயே கல் இருப்பதால் ஏருக்குத் தப்பிய பிரெய்ரி, அதாவது வட அமெரிக்கப் புல்நிலம் அது. உயர்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. அங்கே நாங்கள் எதையும் எண்ணவில்லை. டிக்சிசல் குருவி தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வேலிக்கு வேலி உட்கார்ந்திருந்தது. ஒருமுறை எழுதினோம், அதோடு சரி. கேள்வி 'எத்தனை' அல்ல, 'என்னென்ன'. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எண்ணுகிறோம், அங்கே அந்தச் சொல் பொருந்தும். இங்கே நடப்பது பதிவு.

இன்னொன்று, யார் யாரோடு சேர்கிறார்கள் என்பது. பூக்காத புல்லை எப்படிப் பிரிப்பது என்று தாவரவியலாளர் ஒருவர் முழங்காலிட்டுக் காட்டினார்: இலை தண்டைத் தழுவும் இடத்தில், துப்பாக்கியின் குறிமுனைபோல் இரண்டு சிறு கொம்பு தெரிந்தால் அது இந்தியன்கிராஸ். பக்கத்திலிருந்த முதிய விவசாயி லெட்பிளான்ட் செடியைத் தொட்டு, "இதன் வேர் ஏரில் அறுபடும்போது சத்தம் கேட்கும், எங்கள் வீட்டில் இதைச் செருப்பு நாடா என்போம்" என்றார். தாவரவியலாளர் அதையும் குறித்துக்கொண்டார். இரவில் வெள்ளைத் துணி கட்டிப் புறஊதா விளக்கு போட்டோம். வந்து ஒட்டிய அந்துப்பூச்சிகளுக்கு நிபுணர் பெயர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதினார்கள்.

குறித்த நாள், குறித்த இடம், அங்கே நிபுணர் வந்து உட்கார்வார், ஊர் மக்களும் வருவார்கள். இதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம், வாக்காளர் சேர்ப்பு முகாம். ஆகவே என் பரிந்துரை: உயிரினப் பதிவு முகாம்.

> முகாம் அரபுச் சொல்லாயிற்றே. 'பல்லுயிர் வேட்டை' நன்றாக ஒலிக்கிறது.

முகாம் தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூரிலும் சுவரொட்டியில் இருக்கும் சொல். படித்தவுடன் "எப்போது, எங்கே?" என்று கேட்க வைக்கும். வேட்டை என் காதுக்கும் பிடிக்கிறது, ஆனால் காட்டோரத்தில் வாழும் ஒருவரிடம் "வேட்டைக்கு வாருங்கள்" என்று நோட்டீஸ் கொடுக்க எனக்கு மனம் வராது. அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருள், அதற்கு நீதிமன்ற வழக்கும் உண்டு.

'உயிரின முகாம்' என்று சுருக்கலாமா என்றும் யோசித்தேன். முடியாது. தெப்பக்காடு யானைகள் முகாம்போல விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் இடம் என்றாகிவிடும். 'பதிவு' நடுவில் இருந்தே தீர வேண்டும்.

'பிரெய்ரி' என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'புல்வெளி' என்றால் நீலகிரிச் சோலைப் புல்வெளியும் அதில் அடங்கிவிடும். இரண்டும் வேறு மண், வேறு புல்.

சொற்பட்டியலில் ஒற்றோடு 'உயிரினப் பதிவு முகாம்' என்று சேர்க்கட்டுமா? மாற்றுச்சொல் வைத்திருப்பவர்கள் ஞாயிறுக்குள், அதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள்.