ஸ்டென்ட் வைத்த பிறகும் அப்பாவின் இதயம் ஏன் விரிகிறது?

கேள்வி:
அப்பாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சிரைக்கிறது. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. இடது கீழறை விரிந்திருக்கிறது, எஜெக்‌ஷன் பிராக்‌ஷன் 32 சதவீதம் (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) என்கிறது எக்கோ அறிக்கை. அடைப்புதான் நீங்கிவிட்டதே?

ஓய்வுபெற்ற இதயப் பிரிவுச் செவிலியர்:
தம்பி, அடைப்பு நீங்கினாலும் அன்று இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை. அங்கே கொலாஜன் நாராலான தழும்பு உருவாகிறது, அது சுருங்காது. அதன் சுமையையும் ஏற்கும் மற்றத் தசை செல்கள் நீள்கின்றன; அறை விரிந்து சுவர் மெலிகிறது. லாப்லாஸ் விதிப்படி, விரிந்த அறையின் சுவரில் இழுவிசை கூடும். ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் உழைப்பு. போதிய ரத்தம் வராததால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் விளைவாகக் கூடும் ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் உப்பையும் நீரையும் தேக்குகின்றன. கால் வீக்கம் அதனால்தான். நல்ல தசைக்குள்ளும் அவை நாரைப் பரப்புகின்றன. எனக்கு அதுதான் பெரிய கவலை.

இன்னொருவர்:
ரத்த அழுத்தத்தால் என் அம்மாவுக்குச் சுவர் தடித்து விறைத்துவிட்டது. எஜெக்‌ஷன் பிராக்‌ஷன் 60, இயல்பான அளவுதான். ஆனாலும் இதயச் செயலிழப்புதான், அதாவது உடலுக்குத் தேவையான ரத்தத்தை இதயத்தால் சரிவரச் செலுத்த முடியாத நிலை. விறைத்த அறையால் துடிப்புகளுக்கு இடையே தளர்ந்து ரத்தத்தை வாங்க முடியவில்லை.

கேட்டவர்:
இது திரும்பவே திரும்பாதா, அக்கா?

செவிலியர்:
தழும்பு போகாது. விரிவு மருந்தால் ஓரளவு குறையலாம். கடுமையான இதயச் செயலிழப்பில், ஆஞ்சியோடென்சின் உருவாவதைக் குறைக்கும் எனலாப்ரில் மருந்து இறப்பைக் குறைப்பதை 1987-இல் கான்சென்சஸ் ஆய்வு காட்டியது. ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனுக்கு 1999-இல் ரேல்ஸ் ஆய்வு அதையே காட்டியது. மூச்சு சீரானதும் மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அப்பாவை நிறுத்த விடாதீர்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். சில நாட்களிலேயே இரண்டு கிலோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.