பாம்பன் பாலத்தில் வாலாட்டிய டிரெய்லர்

ராமநாதபுரத்திலிருந்து:

பிக்கப்பில் இழுத்துப்போய்த் தங்குகிற டிரெய்லரைச் சொந்தமாகக் கட்டுவது பற்றியும், அதில் சோலார் மாட்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். போன ஆடியில் நடந்தது. டிரெய்லர் கட்டி முடித்து மூன்றாவது நாள். பிக்கப் பழசு, டீசல், நாலு சக்கரமும் இழுக்கும். உள்ளே நான், வீட்டம்மா, சின்ன மகள். மண்டபம் தாண்டிப் பாலம் ஏறியதும் கச்சான் காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. வேகம் 60-ஐத் தாண்டவில்லை. முதலில் ஸ்டியரிங்கில் ஒரு நெளிவு. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாலாட்டிக்கொண்டு வருகிறது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன். தப்பு. பின்னால் வருவது முன்னால் போவதை முட்டித் தள்ளியது, ஆட்டம் கூடியது. அப்புறம் பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டிலிருந்தும் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். தானாக அடங்கியது. நடுப்பாலத்தில் காரை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தோடு செல்ஃபி எடுக்கும் கூட்டம் அன்றைக்கு இல்லை. இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

டிரெய்லரின் மேல்கூண்டைச் செய்து தந்தவர் மண்டபத்தில் பைபர் படகு செய்கிற அண்ணன் ஒருவர். நேராக அவரிடம் போனேன். உள்ளே எட்டிப் பார்த்தார், தண்ணித் தொட்டி கடைசியில் இருந்தது, பேட்டரியும் அங்கேயே. "அணியத்துல பாரமே இல்லாம படக எறக்குவியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அணியம் என்றால் படகின் முன்பக்கம்.

பக்கத்துக் கருவாட்டுக் கிட்டங்கியிலிருந்து எலெக்ட்ரானிக் தராசை இழுத்து வந்தோம். தட்டில் நெத்திலிச் செதில் ஒட்டியிருந்தது. அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை, அதாவது கொக்கி மாட்டும் முனையை, இறக்கி வைத்தோம். 48 கிலோ காட்டியது. அன்று காலை எடைமேடையில் மொத்த எடை 1,150 கிலோ. மூக்கில் விழும் பாரம் மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இழுவை வண்டிக்கு அமெரிக்காவில் சொல்கிற கணக்கு. என்னுடையது 4 சதவீதம். காற்று அடிக்காமல் இருந்தாலும் ஒருநாள் ஆடியிருக்கும்.

100 லிட்டர் தொட்டியையும் இரண்டு பேட்டரியையும் அச்சுக்கு முன்னால் நகர்த்தினோம். வேறு எதையும் தொடவில்லை. மறுபடி நிறுத்தால் 146 கிலோ. அந்தப் பாரம் இப்போது பிக்கப்பின் பின்புறத்தை அழுத்தியது, ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணைப் பார்த்தது. பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூட்டிப்போட்டு அதைச் சரி செய்தேன். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. பிக்கப்பில் இஷ்டத்துக்கு எதையும் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். கட்டுவதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி சோலார். 330 வாட் பேனல் இரண்டு, 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு. பேட்டரி இரண்டும் சேர்ந்து இரண்டரை யூனிட் தாங்கும். சின்ன ஃப்ரிட்ஜ், 28 வாட் ஃபேன் இரண்டு, விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் தாராளமாக ஓடும். ஏ.சி. வேண்டும் என்று மகள் அடம் பிடித்தாள். ஒரு டன் ஏ.சி. மாட்டினால் நடுராத்திரிக்கு முன்பே பேட்டரி காலி. வேண்டாம் என்றேன், இரண்டு நாள் பேசவில்லை. இன்னொன்று, வெயில் அதிகம் என்றால் கரண்டும் அதிகம் என்று நினைக்காதீர்கள். பேனல் சூடேற ஏற உற்பத்தி குறையும். அதனால் கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன். ஒற்றைப் பனைமரத்தின் நிழல் குறுக்கே விழுந்தாலும் அந்தப் பேனல் பாதிக்குமேல் படுத்துவிடும். நிழல் தேடி நிறுத்துகிற நம்ம பழக்கத்தை இதற்காக விட வேண்டியிருக்கிறது.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, எங்க காக்கா (அண்ணன்) சவூதியில் பதினோரு வருசம் அமெரிக்கப் பெரிய பிக்கப் ஓட்டினார். எஃப்-350, பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு சக்கரம். ஒட்டகம் ஏற்றின டிரெய்லரை இழுப்பார். அதில் கொக்கி பம்பருக்குக் கீழே இல்லை, பிக்கப்பின் சாமான் ஏற்றும் தொட்டிக்குள்ளே, பின் அச்சுக்கு நேர் மேலே. பாரம் அச்சிலேயே இறங்குவதால் வாலாட்டம் குறைவு. டிரெய்லர் பிரேக்கைத் தனியாகப் பிடிக்க டேஷ்போர்டில் ஒரு சுவிட்சும் உண்டாம். ஆட்டம் வந்தால் வண்டி பிரேக்கைத் தொடாமல் அதை மட்டும் லேசாக இழுத்தால் போதும், டிரெய்லர் நேராகிவிடும் என்பார். நம்ம வண்டியில் அந்த வசதி இல்லையென்றால் முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முட்டித் தள்ளுகிற தள்ளலிலேயே தானாகப் பிடிக்கிற தள்ளு பிரேக்காவது டிரெய்லரில் இருக்கட்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போடுங்க. கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும்.

தங்கச்சிமடத்திலிருந்து:

மேலே இரண்டு பேரும் உப்பைப் பற்றிப் பேசவே இல்லையே! எனக்கு எட்டே மாதத்தில் பேனல் போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு பூத்தது. அலுமினியச் சட்டம், இரும்பு போல்ட், நடுவில் உப்புத்தண்ணி. மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். 316 ரக எவர்சில்வர் போல்ட்டும் நைலான் வாஷரும் போட்ட பிறகு நின்றது. 304 ரகம் போட்டால் பழுப்புக் கறை பிடிக்கும்.

தனுஷ்கோடி போய் வந்தால் மறுநாள் விடியற்காலை, பேனல் சூடேறும் முன், நல்ல தண்ணியில் கழுவி விடுகிறேன். ஒருமுறை சோம்பேறித்தனத்தில் ஒரு வாரம் விட்டேன், உச்சிவெயிலில் 480 வாட் வருவது 390-க்கு இறங்கியது. துணி போட்டுத் தேய்க்காதீர்கள், மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.

அதைவிட முக்கியம் சக்கர பேரிங். ஓடிய சூட்டோடு கடல் தண்ணியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, தண்ணியை உறிஞ்சிக்கொள்ளும். டிராக்டரில் படகு இழுக்கிறவர்கள் கரையில் பீடி பற்றவைத்துக்கொண்டு சும்மா நிற்பது சோம்பலால் இல்லை, ஹப் (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) ஆறட்டும் என்றுதான். நான் நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் கிரீஸ் பால் காப்பி நிறத்தில் வந்தது, இடது பேரிங்கை மாற்ற வேண்டியதாயிற்று.

அரிச்சல்முனைக்கு டிரெய்லரோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் அசோகத் தூணைச் சுற்றி வேன்கள் நிற்கும், திருப்ப இடம் கிடைக்காது. நான் ஒருமுறை கொக்கியைக் கழற்றி, சுற்றுலா வந்த நாலு பையன்களைக் கூப்பிட்டு டிரெய்லரைக் கையால் தள்ளித்தான் திருப்பினேன். ஆளுக்கொரு சர்பத் வாங்கிக் கொடுத்தேன்.