ஒரு என்95 மாஸ்க்கை வாரம் பூராம் போடலாமா?

உசிலை நர்ஸ்:
உசிலம்பட்டி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். காய்ச்சல், இருமல்னு ஓபி நிரம்பி வழியுது. ஒரே ஒரு என்95 மாஸ்க்கைக் குடுத்து வாரம் பூராம் ஓட்டச் சொல்றாங்க. மத்தியானமே வேர்வையில நனஞ்சுருது. கேரி பேக்குல சுருட்டி ஹேண்ட்பேக்குல வச்சுக்கிறேன். வீட்ல ஒன்றரை வயசுப் பிள்ளை. கழுவிப் போடலாமா? சானிடைசர் அடிக்கலாமா?

ரிட்டையர்டு சிஸ்டர், மதுரை:
ரெண்டும் வேணாம் தாயி. மாஸ்க்கோட உள் அடுக்குல ஒரு நிலைமின்சாரம் இருக்கு. கிருமியப் பிடிச்சு நிறுத்துறதுல பெரும்பங்கு அதுதான். சானிடைசர்ல இருக்குற ஸ்பிரிட்டோ சோப்புத் தண்ணியோ பட்டா போச்சு. பாக்கப் புதுசா இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது.

பிளாஸ்டிக் கவர்ல ஈரம் காயாது. மெடிக்கல்ல மாத்திரை போட்டுத் தர்ற பேப்பர் கவர் போதும். அஞ்சு மாஸ்க் கேட்டு வாங்கு. கவர் மேல திங்கள், செவ்வாய்னு எழுதி ஆணியில மாட்டு, நாளுக்கு ஒண்ணு. கொரோனா நேரத்துல நாங்க அப்படித்தான் ஓட்டுனோம். நாடா லூசானா, சளி தெறிச்சா ஆஸ்பத்திரிக் கழிவு போடுற மஞ்சக் கவர்ல போட்டுரு (கல்யாண வீட்டு மஞ்சப்பை இல்ல!).

கழட்டும்போதுதான் எல்லாரும் கோட்டை விடுறோம். முதல்ல க்ளவுஸ், கடைசியா மாஸ்க். முன்பக்கம் தொடாம பின்நாடாவப் பிடிச்சுக் கழட்டு, கையைக் கழுவு.

அது கெடக்கட்டும், உன் டேபிள் ஃபேன் எங்கிட்டு இருக்கு?

உசிலை நர்ஸ்:
பேஷண்ட் உக்கார்ற ஸ்டூலுக்குப் பின்னாடிக்கா. என்னையப் பாத்துதான் சுத்தும்.

ரிட்டையர்டு சிஸ்டர், மதுரை:
அதான பாத்தேன்! அவுக இருமுறது பூராம் உன் மூஞ்சிக்குத்தான் வருது. ஃபேனை உன் முதுகுக்குப் பின்னாடி வை, ஸ்டூலை ஜன்னலோரம் தள்ளு. காத்து உன்னையத் தாண்டி, அவுகளத் தாண்டி வெளிய போகணும். டிபிக்குச் சளி எடுக்கணும்னா டப்பாவக் குடுத்து மரத்தடிக்கு அனுப்பு. இதுக்கெல்லாம் இண்டென்ட் (சாமான் கேட்டு எழுதுற சீட்டு) போட்டு யார்கிட்டயும் கையெழுத்துக்கு நிக்க வேணாம்.

மேலூர் லேப் டெக்னீஷியன்:
சிஸ்டர், 'ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் மாஸ்க் போட்டுக்கலாம்'னு யாராவது சொன்னா கேக்காதீங்க. 2018-ல கோழிக்கோடு பக்கம் பேராம்பரா தாலுகா ஆஸ்பத்திரியில நர்ஸ் லினி ஒரு நோயாளியப் பாத்துக்கிட்டப்போ அது நிபா வைரஸ்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதே நோய் தொத்தி லினியும் போயிட்டாங்க.

உசிலை நர்ஸ்:
ஃபேனை மாத்திட்டேன்கா. ஒயர் எட்டல, சொந்தக் காசுல ஜங்ஷன் பாக்ஸ் வாங்கிட்டுப் போனேன். மாஸ்க் அஞ்சு கேட்டதுக்கு முறைச்சு முறைச்சு மூணு குடுத்தாங்க. வியாழனும் வெள்ளியும் வெறுங்கவரா தொங்குது.