கார்பன் பிரஷ் தெரியும், இந்தச் சக்கரம் தெரியாது

பழைய வண்ணாரப்பேட்டையில மோட்டார் காயில் கட்டுற பட்டறை எங்களது. மோட்டார்ல சுத்துற பாகத்தை உரசிக் கரண்டு கொடுக்குற கார்பன் பிரஷ்ஷை மாத்தி மாத்தி முப்பது வருஷமா விரல் கறுப்பாவே இருக்கு.

அக்கா பொண்ணு பௌதிகத்துல ஆராய்ச்சி பண்றா. லீவுல வந்தப்போ தேஞ்ச பிரஷ் ஒண்ணை எடுத்து, "மாமா, சுவிட்சர்லாந்துல பால் ஷெரர் ஆய்வகத்துல கிராஃபைட், அதாவது இந்த பிரஷ்ல இருக்கற மாதிரி கார்பன்ல செஞ்ச சக்கரத்து மேலதான் புரோட்டானை மோத விடறாங்க. ஒளி வேகத்துல ஏறக்குறைய 79 சதவீதம்"னா.

"தாங்குமாம்மா?"

உள்ள போய் அப்பளக் கட்டு எடுத்துட்டு வந்தா. நடுவுல நாலு மிளகைச் சொருகினா. கட்டு உப்பிடுச்சு. கிராஃபைட்டும் அடுக்கடுக்காதான் இருக்காம். புரோட்டான் இடிச்சு இடம் பெயர்ந்த கார்பன் அணு அடுக்குக்கு நடுவுல போய் உக்காருது; தடிமன் கூடுது, பக்கவாட்டுல சுருங்குது. உள்ள சூடு கடத்துற திறனும் விழுந்துடுது.

நான் அசந்தது அடுத்த விஷயத்துக்கு. மோட்டார் சூடானாலே பதறுற ஆள் நான். அந்தச் சக்கரமோ ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸ்ல சுத்துதாம், செகண்டுக்கு ஒரு சுத்து. அந்தச் சூட்டுலதான் இடம் மாறின அணுக்கள்ல நிறைய திரும்பப் பொருந்துது. சூடு குறைவா இருந்தா சேதம் அப்படியே தங்கி, ஆற்றலும் உள்ளயே சேரும். 1957 அக்டோபர்ல இங்கிலாந்து விண்ட்ஸ்கேல் அணு உலையில, அப்படிச் சேர்ந்த ஆற்றலை வெளியேத்தச் சூடேத்தினப்போதான் தீ பிடிச்சுது.

எரிஞ்சு போகாதான்னு கேட்டேன். சக்கரம் இருக்கறது வெற்றிடத்துல, ஆக்சிஜனே இல்லைன்னா. விளிம்பை 12 துண்டா வெட்டி நடுவுல 1 மில்லிமீட்டர் சந்து விட்டிருக்காங்க, உருவம் மாறினாலும் ஒண்ணையொண்ணு நெரிக்காம இருக்க. செஞ்சவன் கையைப் பிடிச்சுக் கும்பிடணும்.

*

வியாசர்பாடியிலிருந்து: தண்டவாள வேலையில ரிட்டயர் ஆனவன் நான். ரெண்டு தண்டவாளத்தை இரும்புப் பட்டை வெச்சு இணைக்கிற ஃபிஷ்பிளேட் ஜாயிண்டுல நாங்களும் வெயிலுக்குன்னு சந்து விடுவோம். ராத்திரி ஆனா தண்டவாளம் பழைய நீளத்துக்கு வந்துடும். கிராஃபைட்டும் ஆறினா பழையபடி ஆயிடுமா தம்பி?

*

ஆகாதுண்ணே. அவகிட்ட கேட்டேன். சூட்டுல விரிஞ்சது ஆறினா சுருங்கும், ஆனா அணு இடம் மாறி வந்த வீக்கம் ஆறினதால போகாது. கடைசியில சக்கரத்தையே மாத்தணும். அது கதிரியக்கம் ஏறிக் கிடக்கும், நம்மள மாதிரி கிட்ட போய் ஸ்பேனர் போட முடியாது. தூரத்துல இருந்து கருவி வெச்சுதான் கழட்டுவாங்களாம்.