டைப் சங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கூம்புச்சங்கு எழுதியது:

கடல் நத்தைகளில் வேலை செய்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். டைப் மாதிரியை நேரில் பார்த்த அனுபவத்தை யாரும் முழுசாக எழுதியதாகத் தெரியவில்லை. நான் ஆரம்பிக்கிறேன், மற்றவர்கள் தொடருங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓர் இனத்துக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைக்கும்போது எந்தச் சங்கை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார்களோ அதுதான் டைப். ஒன்றே ஒன்று என்றால் ஹோலோடைப். நாலைந்தைச் சேர்த்து வைத்து எழுதியிருந்தால் எல்லாமே சின்டைப். அவற்றிலிருந்து பிற்பாடு ஒருவர் ஒன்றைத் தேர்ந்து முறைப்படி அறிவித்தால் அது லெக்டோடைப். இதுபோதும், மீதியைப் போகப்போகப் பார்க்கலாம்.

நான் பார்த்தது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஹ்யூ கியூமிங் சேகரித்த கூம்புச் சங்குகளை. கியூமிங் கப்பல் பாய் தைக்கும் தொழிலாளியாக இருந்து சங்கு சேகரிப்பாளர் ஆனவர். சொந்தமாகக் கப்பல் கட்டிக்கொண்டு பசிபிக் தீவுகளுக்குப் போனார், தென்னமெரிக்கக் கரையோரம் சுற்றினார், 1836 முதல் 1840 வரை பிலிப்பைன்ஸில் அலைந்தார். 1865இல் அவர் இறந்த பிறகு, சுமார் 83,000 மாதிரிகளை பிரிட்டிஷ் மியூசியம் (இன்றைய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அப்போது அதன் பகுதிதான்) 6,000 பவுண்டுக்கு வாங்கியது. அந்தக் காலத்து ஆங்கிலேயச் சங்கு நூலாசிரியர்களான ரீவும் சவர்பி குடும்பத்தாரும் பெயர் வைத்த நூற்றுக்கணக்கான இனங்களுக்கு இந்தச் சேகரிப்புதான் ஆதாரம்.

இதைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. வாங்கிய இழுப்பறைகளை ஒரு நாள் திறந்த முற்றம் வழியாக எடுத்துப் போனபோது காற்றடித்து சீட்டுகள் பறந்துவிட்டன என்பார்கள். நடந்ததோ இல்லையோ, இந்தச் சேகரிப்பில் வேலை செய்த எவரும் அந்தக் கதையை நம்பத்தான் விரும்புவார்கள். ஏனென்றால் இடப்பெயர்கள் அப்படி இருக்கும். 'பிலிப்பைன்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும், சங்கு வேறெங்கோ கிடைப்பதாக இருக்கும்.

எனக்கு வந்த பெட்டியில் மூன்று சங்குகள். கியூமிங்கின் பொருளில் இது சகஜம், ஓர் இனத்துக்கு மூன்று மூன்றாக வைத்திருப்பார். அந்த மூன்றும் சின்டைப் என்று சீட்டு சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், மூன்றும் ஒரே இனம் இல்லை. இரண்டு ஒரு ஜாதி, மூன்றாவதின் தோளில் முண்டுகள், நிறமும் வேறு. பெயர் எதற்குச் சேரும்? ரீவ் அச்சிட்ட படம் எந்தச் சங்கைப் பார்த்து வரைந்தது என்று கண்டுபிடித்தால்தான் வழி.

அன்று மதியம் முழுக்க அதுதான் வேலை. படத்தை ஒரு பக்கம் வைத்து, சங்கை அதே கோணத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூம்புச் சங்கின் பொட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, நம் விரல் ரேகை மாதிரிதான். மூன்றில் அழகில்லாத சங்கு எதுவோ அதில்தான் விஷயம் இருந்தது. வெளி உதட்டின் ஓரத்தில் அரிசிமணி அளவுக்கு ஓர் உடைசல். அதற்குச் சற்றுத் தள்ளி, வளர்ச்சி நின்று மறுபடி தொடங்கியதற்கான ஒரு குறுக்குக் கோடு, அந்தக் கோட்டில் பொட்டு வரிசை விலகி அரை மில்லிமீட்டர் கீழே போகிறது. படத்திலும் அதே இடத்தில் அதே விலகல். கல்லச்சில் படம் போட்டவர் அதைக்கூட விடவில்லை. நல்லவேளை, அவர் அழகுபடுத்தத் தெரியாதவர்!

நத்தைப்பிரியன் எழுதியது:

அருமை. ஒரு சின்ன சந்தேகம், இதெல்லாம் என்ன விலை போகும்?

கூம்புச்சங்கு எழுதியது:

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும் :) டைப் விற்பனைக்கு இல்லை. பெயரைத் தாங்கும் மாதிரிகள் அறிவியலுக்காகப் பாதுகாத்து வைக்கப்பட்ட பொதுச் சொத்து என்று பெயரிடல் விதித்தொகுப்பே சொல்கிறது. சங்குச் சந்தையின் விலைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கோனஸ் குளோரியாமாரிஸ் என்ற கூம்பை 1777இல் கெம்னிட்ஸ் என்ற சங்கு ஆய்வாளர் விவரித்தார். இருநூறு வருஷம் பணக்காரர்கள் அதற்காகப் பைத்தியமாக அலைந்தார்கள். 1969இல் குவாடல்கனால் தீவுப் பக்கம் முக்குளிப்பவர்கள் அதைக் கூட்டமாகக் கண்டுபிடித்ததும் விலை சரிந்தது. கெம்னிட்ஸ் பார்த்த சங்கின் மதிப்பு அதனால் ஒரு காசு குறைந்ததா? இல்லையே.

வெண்மணல் எழுதியது:

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன்காரர் லினேயஸின் சங்குகளைப் பார்க்க எனக்கு வாய்த்தது, லண்டன் லின்னேயன் சங்கத்தில். அவர் 1758இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் 10ஆம் பதிப்புதான் விலங்குப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் தொடக்கப் புள்ளி. நம் தூத்துக்குடி, ராமேஸ்வரம் கடலில் குளித்தெடுக்கிற சங்குக்கும் அவர்தான் பெயர் வைத்தார், 1767இல் வந்த 12ஆம் பதிப்பில், வொலூட்டா பைரம் என்று. இன்று டர்பினெல்லா பைரம்.

அவர் காலத்தில் டைப் என்ற எண்ணமே கிடையாது. நல்ல சங்கு கிடைத்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். 1784இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் மொத்தச் சேகரிப்பையும் ஸ்வீடனிலிருந்து வாங்கிக் கொண்டுவந்தார். பிறகு தன்னுடைய சங்குகளையும் அதோடு கலந்துவிட்டார். அப்புறம் 1855இல் ஹான்லி என்ற சங்கு ஆய்வாளர் உட்கார்ந்து எது யாருடையது என்று பிரிக்கப் பெரும்பாடு பட்டார்.

அவருக்கும் நமக்கும் துணை, சில சங்குகளின் மேலேயே மையில் எழுதியிருக்கும் எண். லினேயஸ் தன் கையால், தன் புத்தகத்தின் இன எண்ணைச் சங்கில் எழுதி வைத்திருக்கிறார். நான் பார்த்த ஒன்றில் அந்த எண் சங்கின் வாய்க்கு உள்பக்கம் இருந்தது. மை பழுப்பாகிவிட்டது, ஆனால் தெளிவாகப் படிக்கலாம். சங்கு என்னவோ கடற்கரையில் கிடந்தால் யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள், அவ்வளவு தேய்ந்தது. பக்கத்திலேயே அதே இனத்தில் பளபளவென்று ஒன்று, எண் இல்லாமல். அதை யார் வைத்தார்களோ!

எல்லாம் லண்டனில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடன் ராணி லொவிசா உல்ரிகாவின் சேகரிப்பைப் பார்த்தும் லினேயஸ் பல இனங்களை எழுதினார். அந்தச் சங்குகள் உப்சாலாவில்.

கார்டிஃப்வாசி எழுதியது:

நீங்கள் எல்லாம் கையில் பிடிக்கிற சங்கு பற்றிப் பேசுகிறீர்கள். நான் மூன்று மில்லிமீட்டர்க்காரன்.

வேல்ஸில், கார்டிஃப் அருங்காட்சியகத்தில் மெல்வில், டாம்லின் என்ற இரண்டு சங்கு ஆய்வாளர்களின் சேகரிப்பு இருக்கிறது. டாம்லின் உயிலில் எழுதிவைத்துப் போனதால் 1955இல் அங்கே வந்தது. மெல்வில் பம்பாய், கராச்சி, பாரசீக வளைகுடா என்று நம் பக்கத்துக் கடல் சங்குகளை இங்கிலாந்தில் உட்கார்ந்தே விவரித்தவர். மான்செஸ்டர்க்காரரான ஸ்டாண்டனோடு சேர்ந்து 1898இல் மதராஸ் கடற்கரைச் சங்குகளைப் பற்றியும் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர்கள் பெயர் வைத்தவற்றின் டைப்கள் லண்டன், மான்செஸ்டர், கார்டிஃப் என்று சிதறிக் கிடக்கின்றன. மெரினாவில் பொறுக்கிய சங்கைச் சரிபார்க்க மூன்று ஊர் ஏறி இறங்க வேண்டும்.

பொடிச் சங்குகள் சின்னக் கண்ணாடிக் குழாயில், வாயில் பஞ்சு அடைத்து இருக்கும். முதல் பாடம், பஞ்சை இழுக்கும்போது சங்கும் அதோடு வந்துவிடும். இழைக்குள் சிக்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் பஞ்சையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகுதான் கீழே வைக்க வேண்டும். இரண்டாவது, இடுக்கி தொடவே கூடாது. இடுக்கி நழுவினால் சங்கு துள்ளிப் போய்விடும், உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும். விளிம்பு வைத்த தட்டில் கொட்டி, ஈரம் காட்டிய மெல்லிய தூரிகை நுனியில் ஒட்டி எடுப்பதுதான் முறை. மின்விசிறி கூடாது. இருமல் வந்தால் எழுந்து போய்த்தான் இரும வேண்டும், எனக்குக் காட்டிய அம்மா சிரிக்காமல் சொன்னார்.

குழாயில் சுருட்டி வைத்திருந்த சீட்டு என் சுண்டுவிரல் நக அகலம். அதில் கையெழுத்தில் 'மதராஸ்'. வெளியே நவம்பர் மாத வேல்ஸ் மழை. எங்கள் ஊரை அங்கே அப்படிப் பார்த்ததில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், கண் கலங்கிவிட்டது.

மயிலைக்காரர் எழுதியது:

வெளிநாட்டுக் கதைகளுக்கு நடுவே உள்ளூர்க் கதை ஒன்று. பெயர் வேண்டாம், ஒரு பழைய கல்லூரியின் விலங்கியல் காட்சியறை. அங்கே டைப் எதுவும் கிடையாது, ஆனாலும் டைப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அங்கே நடந்தது.

அலமாரியைத் திறந்ததும் குப்பென்று காடி நாற்றம். சோழிகளின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது போல ஒரு படிவு. தொட்டால் உதிர்கிறது, அடியில் பளபளப்பு போய்ச் சொரசொரவென்று ஆகிவிட்டது. துறைத் தலைவர் பூஞ்சைக் காளான் என்று நினைத்து அந்துருண்டை போட்டுப் பூட்டி வைத்திருந்தார். இதற்கு பைன் நோய் என்று பெயர். 1899இல் பைன் என்பவர் எழுதியதால் வந்த பெயர், அவரே கிருமி ஏதாவது வேலை செய்கிறது என்றுதான் நினைத்தார். நோயும் இல்லை, கிருமியும் இல்லை. மர அலமாரி, மலிவு அட்டைப் பெட்டி, பஞ்சு இவையெல்லாம் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை விடுகின்றன. சங்கு சுண்ணாம்பு. ஈரப்பதம் உள்ள ஊரில், காற்றோட்டம் இல்லாத மூடிய அலமாரியில், அமிலம் சுண்ணாம்பைத் தின்று உப்பாக்குகிறது. ஓக் மரம் படுமோசம். ஐரோப்பாவின் பழைய அலமாரிகள் பல ஓக்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வெந்நீர் தேவையில்லை, சாதாரணத் தூய நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பைக் கரைத்து, நன்றாக உலர்த்தி, இரும்பு அலமாரிக்கு மாற்றுவதுதான் வழி. போன பளபளப்பு திரும்பாது. கூம்புச்சங்கு சொன்ன அந்த அரை மில்லிமீட்டர் விலகல் இப்படிப் பூத்துப் போயிருந்தால் எதை வைத்துப் படத்தோடு ஒப்பிடுவது? சங்கை ஊறவைக்கும் முன் அதன்மேல் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்காதீர்கள். லினேயஸின் எண்ணைக் கழுவிவிட்டால் அப்புறம் ஒன்றுமில்லை.

ஹூக்ளிக்கரை எழுதியது:

கல்கத்தாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பல் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் ஆழ்கடலில் அள்ளிய நத்தைகளை லண்டனில் இருந்த இ. ஏ. ஸ்மித் விவரித்தார். அந்தப் பொருள் கல்கத்தாவிலும் லண்டனிலுமாகப் பிரிந்து இருக்கிறது.

கல்கத்தாவில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் (ZSI) தொகுப்பு உலகப் போரில் பட்ட பாடு பலருக்குத் தெரியாது. ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பயந்து 1942இல் வாரணாசிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருஷமே வருணா நதியில் வெள்ளம். குண்டுக்குத் தப்பித் தண்ணீரில் மாட்டியது. நான் பார்த்த ஒரு மெல்லிய ஆழ்கடல் சங்கு, ஊதினால் உடையும் போல, முழுசாக இருந்தது. அதன் சீட்டில்தான் ஓர் ஓரம் முழுக்கப் பழுப்புக் கறை. வாரணாசிக்குப் போய்வந்ததா என்று கேட்டேன். "இருக்கலாம்" என்றார் எடுத்துக் கொடுத்தவர். கறைக்கு வெளியே தப்பியிருந்தது ஆழமும் நிலைய எண்ணும். அது போதும். அந்த எண்ணை வைத்துக் கப்பலின் பதிவேட்டில் இடத்தைத் தேடி எடுத்துவிடலாம்.

வெண்மணல் எழுதியது:

வெள்ளம் என்றதும் தீ ஞாபகம் வருகிறது. 2018 செப்டம்பர் 2, பிரேசிலில் ரியோ தேசிய அருங்காட்சியகம். கட்டடம் எரிந்துகொண்டிருக்கும்போதே ஊழியர்கள் சிலர் கதவை உடைத்து உள்ளே போய், இருட்டில், மெல்லுடலிகளின் டைப் அலமாரிகளைத்தான் வெளியே இழுத்தார்கள். லட்சக்கணக்கான பொருளில் எதை எடுப்பது என்ற கேள்விக்கு அவர்களுக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. டைப்களைத் தனி அலமாரியில், எங்கே இருக்கிறது என்று தெரிகிற மாதிரி வைத்திருந்ததுதான் உதவியது. டைப்பைப் பொதுத் தொகுப்போடு கலந்து வைப்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

நத்தைப்பிரியன் எழுதியது:

விலை கேட்டதற்கு மன்னிக்கவும் :) உண்மையில் கேட்க நினைத்தது வேறு. மன்னார் வளைகுடாவில் எடுத்த ஒரு பொடி நத்தை புது இனம் என்று எங்கள் வழிகாட்டி சொல்கிறார். ஹோலோடைப்பைக் கல்லூரியிலேயே வைத்துக்கொள்ளலாமா?

மயிலைக்காரர் எழுதியது:

கூடாது தம்பி. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 39ஆம் பிரிவைப் படியுங்கள். புது இனம் என்றால் அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்கியல் ஆய்வகம் இருக்கிறது, கடல் பொருளுக்கு கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் இருக்கிறது. உடலை ஆல்கஹாலில் தனியாகப் போட்டு அனுப்புங்கள், வெறும் ஓடுகளை மட்டும் வைத்துக்கொண்டு நூறு வருஷமாக நாங்கள் படுகிற பாடு போதும். சீட்டில் நாள், ஆழம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, எடுத்தவர் பெயர். பால்பாயின்ட் வேண்டாம், ஆல்கஹாலில் கரைந்துவிடும். பென்சில் போதும்.

கார்டிஃப்வாசி எழுதியது:

பஞ்சு அடைக்காதீர்கள்!